நடுப்பகலில் ஏற்றிய விளக்கு

எங்கள் தெருவுக்கு வந்து "பதினேழு வீடு எது?" என்று கேட்டால், சின்னப் பிள்ளைகூட நாற்பத்திரண்டாம் எண் கதவைக் காட்டும். கதவில் என்ன எண் இருந்தால் என்ன, அது பதினேழின் வீடுதான். பதினேழு என்பது என் மாமியார். காப்பிக் கிடங்கில் அவர் தலைமையில் உட்கார்ந்த வரிசையின் எண் அது. வரிசைக்கு வைத்தது ஆளுக்கு ஒட்டிக்கொண்டது, ஆளிடமிருந்து வீட்டுக்குத் தாவியது, வீட்டிலிருந்து என்னையும் பிடித்துக்கொண்டது. கல்யாணமாகி வந்த முதல் வாரமே நான் "பதினேழோட மருமக" ஆகிவிட்டேன். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

மாமியாரைப் பற்றி மருமகள் எழுதினால் படிப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். புகழ்ந்தால் நடிப்பு என்பார்கள், குறை சொன்னால் வழக்கமான கதை என்பார்கள். நான் இரண்டையும் செய்யப் போகிறேன், சந்தேகப்படுபவர்கள் வசதிப்படி எடுத்துக்கொள்ளட்டும். அவருக்கு மூக்கு நுனியில் கோபம். நான் சமைத்ததை வாயில் வைப்பதற்கு முன்னாலேயே உப்பு போதவில்லை என்பார். கொடியில் நான் காயப்போட்ட துணியை உதறி மறுபடி போடுவார். அவரோடு ஒரே கூரையின் கீழ் இருபத்தாறு வருடம் இருந்தேன், அதில் பன்னிரண்டு வருடம் கிடங்கிலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு யாராவது மெடல் கொடுத்திருக்க வேண்டும்.

அவர் பிறந்தது மலையில். அவருடைய அப்பா தானியம் விதைத்துச் சாப்பிட்டவர். கம்பெனி வந்தது, காட்டை வெட்டியது, காப்பிச் செடி வைத்தது. அதோடு நிற்கவில்லை. வரியைத் தானியமாகக் கொடுத்தால் செல்லாது, காசாகத்தான் கட்ட வேண்டும் என்று சர்க்காரை விட்டுச் சட்டம் போட வைத்தது. காசு அந்த மலையில் ஒரே இடத்தில்தான் கிடைத்தது, கம்பெனியின் கூலி மேசையில். இரண்டு வருடம் வரி கட்ட முடியாமல் நிலம் ஏலத்துக்குப் போனது. "எங்கப்பா அவரோட நிலத்துக்கே கூலிக்குப் போனாரு" என்று மாமியார் சொல்வார். அழுதுகொண்டு அல்ல, பல்லைக் கடித்துக்கொண்டு.

மூட்டை தூக்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு இறங்கி வந்து, பத்தொன்பது வயதில் கிடங்கின் பொறுக்கும் கொட்டகையில் சேர்ந்தார். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மலையில் அப்பா பறித்த கொட்டையைக் கடற்கரையில் மகள் பொறுக்கினாள். குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம், குடும்பத்துக்கு அதில் ஒரு செடிகூடச் சொந்தமில்லை என்பதைத் தவிர.

கொட்டகையில் இருபது வரிசை, வரிசைக்குப் பத்துப் பெண்கள். நீளமான தாழ்ந்த மேசை, ஆளுக்கொரு முறம், எதிரே ஆளுயரச் சன்னல். தோல் நீக்கிச் சலித்த பச்சைக் கொட்டை முறத்தில் வந்து விழும். அதில் கருப்புக் கொட்டையை எடுக்க வேண்டும், உடைசலை எடுக்க வேண்டும், பூச்சி அரித்ததை எடுக்க வேண்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கஷ்டமானது சோகை. பழுக்காத காயைப் பறித்தால் வரும் கொட்டை அது. நல்ல கொட்டை நீலம் கலந்த பச்சையாக இருக்கும், சோகையில் ஒரு துளி மஞ்சள் ஓடியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் வறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மற்றதெல்லாம் சிவந்து கறுக்கும்போது சோகை மட்டும் காய்ச்சலில் கிடந்த முகம் மாதிரி வெளுப்பாகவே இருக்கும், வாயில் புல் வாடை அடிக்கும். என் மாமியார் பக்கத்து ஆளோடு சண்டை போட்டுக்கொண்டே சோகையைப் பொறுக்குவார். ஒன்று தப்பாது.

பொறுக்கி முடித்த ஒவ்வொரு சாக்கிலும் வரிசை எண் அடித்த தகர வில்லை ஒன்றைப் போட்டுத் தைப்பார்கள். தப்பு யார் கையிலிருந்து போனது என்று கடல் தாண்டியும் தெரிய வேண்டும் என்பது கம்பெனியின் ஏற்பாடு. லாபம் யார் கைக்குப் போனது என்று தெரிய அப்படி ஒரு வில்லையை யாரும் அடித்துப் போடவில்லை.

நான் கிடங்கில் சேர்ந்த இரண்டாம் வருடம், எங்கேயோ வேறொரு நாட்டில் உறைபனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகிவிட்டன என்று தந்தி வந்தது. கடலுக்கு அப்பால் விலை எகிறியது. மற்ற துறைமுகங்களுக்கு முன்னால் சரக்கை ஏற்றியாக வேண்டும் என்று எங்கள் துரைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கப்பலில் மண்ணெண்ணெய் விளக்குகள் வந்து இறங்கின. யாருக்கோ பனி விழுந்ததற்கு எங்கள் தலைக்கு மேல் விளக்கு ஏறியது. பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நாங்கள் எட்டு மணி வரை உட்கார்ந்தோம்.

ஏழு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் துரை எங்கள் வரிசையை எழுந்து நிற்கச் சொன்னார். கையில் ஒரு கடிதம். மேசையில் இரண்டு பொட்டலம், ஒன்றில் வறுத்த கொட்டை, ஒன்றில் பச்சை. அவர் அவருடைய மொழியில் கத்தினார், குமாஸ்தா நம் மொழியில் மெதுவாகச் சொன்னார். குமாஸ்தா நல்ல மனிதர், எந்தத் திட்டையும் பாதியாகக் குறைத்துத்தான் கொடுப்பார். விஷயம் இதுதான். அங்கே வாங்கியவர்கள் சரக்கை வறுத்துப் பார்த்திருக்கிறார்கள், வெளுத்த கொட்டை ஏராளம். ஆறு சாக்கைத் திறந்தார்கள், ஆறிலும் பதினேழாம் எண் வில்லை. கப்பலில் ஒரு வரிசையின் சாக்குகளை ஒன்றாகத்தான் அடுக்குவார்கள் என்பதை நின்று யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. மொத்தச் சரக்கையும் தரம் இறக்கிவிட்டார்கள்.

"பதினேழாவது வரிசை மொத்தமும் இன்னையோட நின்னுக்கணுமாம். மத்த கிடங்குக்கும் எழுதிப் போடுவாங்களாம், யாரும் சேத்துக்க மாட்டாங்க. இப்ப வீட்டுக்குப் போகச் சொல்றாரு" என்றார் குமாஸ்தா, தரையைப் பார்த்துக்கொண்டு.

பத்துக் குடும்பம். எங்கள் வீட்டில் அப்போது என் வீட்டுக்காரர் படகில் சரக்கு ஏற்றும்போது பாதம் நசுங்கிக் கட்டிலில் கிடந்தார். நாங்கள் இரண்டு பேரும் கொண்டுவருவதில்தான் அடுப்பு எரிந்தது. மாமியார் துரையைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பச்சைக் கொட்டை இருந்த பொட்டலத்தைக் காட்டி, "குப்பையில போடறதுதானே, எங்கிட்ட குடுங்க ஐயா" என்று குமாஸ்தாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சன்னல் திட்டில் ஒரு துணியை விரித்து, அந்தக் கொட்டையைக் கொட்டினார். நல்ல வெயில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது போல அரை மணி நேரம் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

"இங்க வா. இதுல கருப்பு இருக்கா?"

"இல்ல, அத்தை."

"உடைசல்?"

"இல்ல."

"பூச்சி அரிச்சது?"

"ஒண்ணுகூட இல்ல. சோகை மட்டும்தான்."

"நாம கை அசந்து, அரட்டை அடிச்சுக்கிட்டுப் பொறுக்கியிருந்தா எல்லாமும்தானே வந்திருக்கணும்? கருப்பு வரணும், உடைசல் வரணும். அதெல்லாம் சுத்தமா எடுத்திருக்கோம். சோகையை மட்டும் எப்படி விட்டோம்?"

மாதக் கணக்கில் மென்று விழுங்கிக்கொண்டிருந்த ஒன்று தொண்டைக்கு வந்தது.

"அத்தை, ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க. விளக்கு ஏத்தினப்புறம் எனக்கு சோகை தெரியறதில்ல. எல்லாம் ஒரே நிறமா இருக்கு. கண்ணு கெட்டுப்போச்சுன்னு பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லல."

அவர் என்னையே பார்த்தார். மழை போல வசவு கொட்டப் போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் கையிலிருந்த கொட்டையைத் துணிமேல் வைத்தார்.

"எனக்கும்தான்" என்றார்.

அந்த ஒரு சொல்லை வெளியே எடுக்க அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தெரியும். தன் கண்ணைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் சாதாரணமானதல்ல. நிலம் போனது, புருஷன் போனார், அவருக்கு மிச்சமிருந்த சொத்தே அந்தக் கண்தான்.

"வயசாயிடுச்சு, மங்குதுன்னு நெனச்சேன்" என்றார். "உன் கண்ணுக்கு என்ன வயசு?"

"இருபத்து மூணு."

"அப்ப கண்ணு இல்ல."

"விளக்கு" என்றார் கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர். வாழ்நாளில் தன் அம்மாவை முந்திக்கொண்டு அவர் பேசிய ஒரே வார்த்தை அது. இன்றுவரை அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்கிறார்.

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார், நானும் பின்னால் ஓடினேன். வரிசையில் மீதியிருந்த எட்டுப் பேர் வீட்டுக்கும் போனோம். எல்லோரும் முதலில் இல்லவே இல்லை என்றார்கள். "எனக்குத் தெரியல, உனக்குத் தெரிஞ்சுதா?" என்று மாமியார் கேட்டதும் ஒவ்வொருவராக அவிழ்த்தார்கள். ஒருத்தி தினமும் கண்ணில் என்னென்னவோ சாறு பிழிந்து விட்டுக்கொண்டிருந்தாள். நெட்டை என்று நாங்கள் கூப்பிடுபவள், பார்ப்பதை விட்டுவிட்டுக் கையால் தொட்டு, எடை பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாளாம். சோகை தெரியாத பொறுக்குக்காரிக்குக் கிடங்கில் இடமில்லை, அதனால் பத்துப் பேரும் தனித்தனியாகப் பயந்து, பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறோம். திரும்பி வரும்போது வழியெல்லாம் மாமியாருக்குக் கோபம். துரைமேல் இல்லை, எங்கள்மேல், தன்மேல். "கூறு கெட்டவளுங்க. ஒருத்தி வாயத் தொறந்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

வியாழக்கிழமை நடுப்பகலில் நாங்கள் பத்துப் பேரும் கிடங்குக்குப் போனோம். வாசலில் காவல்காரர் மறித்தார். "வில்லையைத் திருப்பிக் குடுக்கணும், கம்பெனி சொத்து" என்று மாமியார் சொன்னதும் விட்டுவிட்டார்.

அன்று துரையோடு இன்னொருவரும் இருந்தார். பருவத்துக்கு ஒருமுறை வந்து, காப்பியை ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பித் தரம் சொல்பவர். ருசித்துரை என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். ஆறு மாதம் நாங்கள் பொறுக்கியதை அவர் ஒரு நொடியில் துப்புவார், அதில்தான் விலை இருக்கும். கொட்டையைக் கண்ணால் பார்த்தே எந்த மலை என்று சொல்வாராம்.

"ஐயா, நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. நடுவுல மரியாதை சேக்காதீங்க" என்று குமாஸ்தாவிடம் மாமியார் சொன்னார். குமாஸ்தாவுக்கு வியர்த்தது.

"என்ன வேணும்னு கேக்கறாரு" என்றார்.

"ரெண்டு முறம், பொறுக்காத கொட்டை, இந்த ரெண்டு துரைங்களோட கண்ணு. கால் மணி நேரம் போதும். அப்புறம் நாங்க போயிடறோம்."

துரை கையை வீசி மறுத்தார். ருசித்துரை மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் வந்தபிறகு துரையும் வராமல் இருக்க முடியவில்லை.

மாமியார் சன்னல்களையெல்லாம் மூடச் சொன்னார். விளக்குகளை ஏற்றச் சொன்னார். நடுப்பகலில் எண்ணெய் எரிப்பதா என்று துரை கேட்டதைக் குமாஸ்தா சொன்னார். "ஏழு மாசமா எரிச்சீங்களே, இன்னும் கால் மணி நேரம் எரிங்க" என்றார் மாமியார். குமாஸ்தா அதை எப்படிச் சொன்னாரோ, விளக்கு எரிந்தது. மற்ற நூற்றுத் தொண்ணூறு பெண்களும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மேஸ்திரி ஒருவர்கூட அவர்களை அதட்டவில்லை.

துரைகள் இருவரும் எங்கள் பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, உட்கார்ந்து பொறுக்கினார்கள். துரை அவசரமாகக் கருப்புக் கொட்டையை எடுத்து எறிந்தார். ருசித்துரை நிதானமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், கொஞ்சம் சோகையும் எடுத்தார். கை நல்ல கைதான், நான் பொய் சொல்ல மாட்டேன்.

"முடிஞ்சுதா? நல்லாப் பாத்தாச்சா?"

முடிந்தது என்றார்கள். சுத்தம் என்றார் ருசித்துரை.

அப்போது மாமியார் சொன்னார், கொட்டகை முழுக்கக் கேட்கும்படி. "விளக்கு வெளிச்சத்துல எனக்கு சோகை தெரியாது. என் மருமகளுக்குத் தெரியாது. என் வரிசையில ஒருத்திக்கும் தெரியாது. ஐயா, சொல்லுங்க அவங்ககிட்ட."

குமாஸ்தா தயங்கினார். அதைச் சொன்னால் கண் கெட்டவர்கள் என்று எங்களை அந்த நிமிடமே துரத்தலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. அப்போது நாலாவது வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "எனக்கும் தெரியாது" என்றாள். பிறகு ஒன்பதாவது வரிசையில் இருவர். பிறகு யார் யார் என்று எண்ண முடியவில்லை. குமாஸ்தாவும் துரைகளிடம் சொல்லிவிட்டார்.

"சன்னலைத் தொற" என்றார் மாமியார் என்னிடம்.

நான்தான் திறந்தேன். வெயில் மேசைமேல் விழுந்தது. சுத்தம் என்று சொன்ன முறத்தில் மஞ்சள் மஞ்சளாகச் சோகை கிடந்தது. துரையின் முகத்தில் ஈயாடவில்லை. ருசித்துரை ஒன்றை எடுத்து விளக்குக்குக் கீழே பிடித்தார், சன்னலுக்குக் கொண்டுபோனார், மறுபடி விளக்குக்கு வந்தார். பிறகு உட்கார்ந்து தன் முறத்தில் தான் விட்ட சோகையை ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். நாற்பத்தொன்று. என்னவோ சொல்லிச் சத்தமாகச் சிரித்தார், தன்னைப் பார்த்துத்தான்.

துரை அறைக்குள் போய் அரை மணி நேரம் கழித்து வந்தார். குமாஸ்தாவின் முகம் மலர்ந்திருந்தது. "பத்துப் பேரும் நாளைக்கே வேலைக்கு வரலாம். ஆனா பதினேழாம் நம்பரை எடுத்துட்டோம்னு ஏற்கனவே அங்க எழுதியாச்சாம். உங்களுக்கு இருபத்தொண்ணுன்னு புது நம்பர் குடுப்பாங்களாம்."

எங்களுக்கு உயிர் வந்தது. நெட்டை கும்பிடவே போய்விட்டாள். மாமியார் அவள் கையைப் பிடித்து இறக்கினார்.

"நம்பரை மாத்தினா, தப்பு பண்ணினது நாங்க, தொரத்தியாச்சுன்னுதான் அங்க நெனப்பாங்க. எங்க கைமேல தப்பு இல்ல. தப்பு விளக்கோடது. எங்களை எடுத்துட்டேன்னு எழுதினவர், விளக்கை எடுத்துட்டேன்னு எழுதட்டும்."

"அத்தை, வேலைதான் கிடைச்சுடுச்சே, விடுங்க" என்று நான் முணுமுணுத்தேன்.

"நாளைக்கு வேற கப்பல்ல வேற நம்பர் வரும். இதே விளக்கு எரியும். அப்ப நாலாவது வரிசை வீட்டுக்குப் போகும். போகட்டும்னு விட்டுரலாமா? நமக்காக எந்திரிச்சு நின்னாளே அவ" என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அதே சமயம் இந்த மனுஷி என் வீட்டு மனுஷி என்று உடம்பெல்லாம் பெருமையாகவும் இருந்தது. ருசித்துரை துரையின் காதில் ஏதோ சொன்னார். துரை மறுத்தார். ருசித்துரை முறத்தைச் சுட்டிக்காட்டினார். பொழுது சாய்வதற்குள் கடிதம் எழுதியாகிவிட்டது.

மாமியார் அதைக் குமாஸ்தாவைப் படிக்கச் சொன்னார். சரக்கில் வந்த குறைக்குக் காரணம் விளக்கு வெளிச்சம். இனிமேல் இந்தக் கிடங்கில் பகலில் மட்டுமே பொறுக்கப்படும். பதினேழாம் வரிசை வேலையில் இருக்கிறது. அவ்வளவுதான் கடிதம். மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் படித்தார்.

"சரி, ஒட்டுங்க" என்றார், ஏதோ அவர்தான் கம்பெனி முதலாளி போல.

மறுநாளே விளக்குகள் இறங்கின. எல்லோரும் கொண்டாடினார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் நெட்டை ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு நேரத்துக் கூலி போய்விட்டதே என்று அவளுக்கு வருத்தம். அவள் வீட்டில் ஐந்து குழந்தைகள், அவள் வருத்தமும் நியாயம்தான். மாமியார் அவளோடு சண்டை போடவில்லை. அடுத்த மாதம் எல்லா வரிசைத் தலைவிகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பகல் கூலியைக் கூட்டச் சொல்லிக் கேட்டார். கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அதற்கும் மூன்று தடவை போக வேண்டியிருந்தது.

ஆனால் கம்பெனி சும்மா இருக்குமா? அடுத்த பருவத்தில் சாக்குகளில் புதிதாக ஒரு முத்திரை வந்தது. "பகல் வெளிச்சத்தில் பொறுக்கியது" என்று அவர்கள் மொழியில் போட்டிருக்கிறது என்றார் குமாஸ்தா. அதைப் போட்டதும் அங்கே விலை கூடிவிட்டதாம். வாங்குபவர்கள் விரும்பிக் கேட்கிறார்களாம். எனக்கு வயிறு எரிந்தது.

"பாத்தீங்களா அத்தை? நீங்க துரைகிட்ட மல்லுக்கு நின்னு வாங்கினதை அவன் சாக்குல அச்சடிச்சு விக்கறான்."

அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அச்சடிக்கட்டும். மணி என்ன?"

"ஆறு அடிக்கப் போகுது."

"அப்ப முறத்தை வை. இனிமே நடக்கறது நம்ம நேரம், அதுல அவனால முத்திரை குத்த முடியாது."

மணி அடித்தது. இருநூறு பெண்கள் ஒன்றாக எழுந்தோம். கிடங்கு மூடும் வரை, இருபத்திரண்டு வருடம், பொழுது சாய்ந்தபின் அங்கே ஒருத்திகூட உட்கார்ந்து பொறுக்கவில்லை.